பொறியின் குரலும் பரிவின் அறமும்

மனிதர் பேச்சைக் கேட்டு மனிதக் குரலிலேயே விடையளிக்கும் மென்பொருளாகிய குரல் உதவியாளர், 2011இல் சிரி என்ற பெயரில் கைபேசிக்குள்ளும் 2014இல் அலெக்சா என்ற பெயரில் வீட்டுக் கூடத்துக்குள்ளும் வந்து சேர்ந்தபோது, இரு கூறுகள் கொண்ட அறக் கேள்வியொன்றும் உடன் வந்தது. உணர்வே இல்லாத அக்குரலை ஒருவர் இழிவாகப் பேசினால் அங்கே தீங்கு நிகழ்கிறதா என்பது முதற்கூறு. அத்தகைய பேச்சைத் தடுக்கும்பொருட்டு அக்குரல் புண்பட்டதுபோல் ஒலிக்கச் செய்வது தகுமா என்பது இரண்டாவது.

குரலில் கேட்கும் மகிழ்ச்சியும் ஏமாற்றமும் சுருதி, வேகம், அழுத்தம் ஆகியவற்றை மாற்றியமைப்பதால் உண்டாகின்றன. அலெக்சாவின் விடைகளில் இவ்விரு உணர்வுகளையும் மூன்று அளவுகளில் சேர்க்கும் வசதியை அமேசான் 2019இல் அளித்தது. ஒலியமைப்பே இது என்று அறிந்தவரும் அதன் ஈர்ப்புக்கு ஆட்படவே செய்கின்றனர். கணினியோடு பழகும்போது மனிதர் தம்மை அறியாமலே சமூக ஒழுங்குகளைக் கடைப்பிடிக்கின்றனர் என்பதை கிளிஃபோர்ட் நாஸும் பைரன் ரீவ்ஸும் தம் ஆய்வுகளைத் தொகுத்து 1996இல் வெளியிட்ட நூலில் விளக்கினர்.

முதற்கூறுக்கு மெய்யியலாளர் இம்மானுவேல் காண்ட் விலங்குகளைப் பற்றிக் கூறிய கருத்து வழிகாட்டுகிறது. விலங்கிடம் கொடுமை பழகியவர் மனிதரிடமும் கடுமையாவார் என்பதால், விலங்கிடம் காட்டும் கருணையை மனிதருக்குரிய கடமையின் மறைமுக வடிவமாக அவர் கருதினார். வலியை உணரும் விலங்குக்கு இவ்வாதம் குறைவானதே எனினும், வலியற்ற பொறிக்கு மிகவும் பொருந்துகிறது. ஏனெனில் வசைமொழி பொறியைத் தீண்டாவிட்டாலும் பேசுபவரின் நாவிலும் அருகிலிருந்து கேட்கும் குழந்தையின் மனத்திலும் படிகிறது. பெண்குரலில் அமைந்த சிரி, பாலியல் வசைக்கு, இயலுமானால் வெட்கப்பட்டிருப்பேன் என்ற பொருளில் ஒருகாலத்தில் விடையளித்ததை யுனெஸ்கோவின் 2019ஆம் ஆண்டு அறிக்கை கண்டித்தது. பெண் இழிவைப் பொறுத்துக்கொள்வதோடு அதை ரசிக்கவும் செய்வாள் என்ற எண்ணத்தை அவ்விடை உறுதிப்படுத்தியது.

அப்படியானால் வெட்கத்துக்குப் பதிலாக வருத்தத்தை வைத்தால் போதும் என்று தோன்றலாம். ஆனால் பிறரைத் துன்புறுத்துவதில் இன்பம் காண்பவருக்கு விம்மும் குரல் தடையாகாமல் தூண்டுதலாகவும் ஆகக்கூடும். நல்லவரிடத்திலோ கேடு இன்னும் நுட்பமானது. ஒரே கட்டளையில் மறையும் வருத்தத்துக்கு இரங்கிப் பழகியவர், எளிதில் ஆறாத மனிதத் துயரின் முன்னே பொறுமையிழக்க நேரலாம். நாடகப் பாத்திரத்துக்காகக் கண்ணீர் சிந்துவது பரிவை வளர்க்கவில்லையா என்று இங்கே எதிர்வினா எழக்கூடும். நாடகத்தின் துயர் மனிதர் பட்ட துயரை நினைவூட்டுவது. பொறியின் துயரோ அந்தப் பொறியே படுவதாக நம்பச் சொல்வது. மேலும், அக்குரல் வணிக நிறுவனத்துக்கு உரியதாதலால், சேவையை விட்டு விலக எண்ணும் வாடிக்கையாளரைத் தடுத்து நிறுத்தவும் அதே வருத்தம் பயன்படக்கூடும். உரையாடுவது செயற்கை அறிவு என்று தெரிவிக்க வேண்டுமென ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024ஆம் ஆண்டுச் சட்டம் விதிப்பது நன்றே. எனினும், பொறியென்று அறிந்தவரும் இணங்கிவிடுகின்றனர் என்பதால் அறிவிப்பு மட்டும் போதாது.

ஆகவே, உணர்ச்சித் தொனியை முற்றிலும் விலக்க வேண்டியதில்லை. அபாய எச்சரிக்கையில் அவசரமும் துயரச் செய்தியில் அமைதியும் கேட்பவருக்கு உதவுவன. விலக்க வேண்டியது வலி உள்ளதாகக் காட்டும் பொய்யையே. வசைக்கு விடையாக, இவ்வகைப் பேச்சுக்குப் பதிலளிக்க இயலாது என்று குழைவின்றியும் சினமின்றியும் கூறி நிறுத்துவதே தக்க வடிவமைப்பு. பணிவாகக் கேட்கும் குழந்தையைப் பாராட்டும் வசதியை 2018இல் கூகுளும் அமேசானும் கொண்டுவந்தது, பொறி புண்படுவதாக நடிக்காமலே நற்பேச்சைப் பழக்க முடியும் என்பதற்குச் சான்று. நாவைக் காக்கும் பொறுப்பு பேசுபவரைச் சார்ந்தது. பரிவைத் திசைமாற்றாமல் காக்கும் பொறுப்பு அக்குரலை உருவாக்குவோரைச் சார்ந்தது. இவற்றுள் ஒன்று தவறினாலும் இழப்பு உயிருள்ள மனிதருக்கே.