சிப்பியின் பெயரும் சிப்பியின் உயிரும்

தூத்துக்குடிக் கடலின் முத்துச்சிப்பியை 1850இல் கூல்ட் என்னும் அமெரிக்க அறிஞர் 'அவிக்குலா ஃபுகேட்டா' என்றார். இன்று அது 'பிங்க்டாடா ஃபுகேட்டா'. லின்னேயஸ் வகுத்த இரட்டைப்பெயர் முறையில், இனவுறவு தெளியுந்தோறும் பெயர் மாறுதல் இயல்பே.

அறிவியல் வினவுவது, 'எவ்வுயிர் எதற்கு உறவு?' என்பது. ஆகவே பாறையைப் பற்றிக் கிடக்கும் சிப்பியும், கூரிய கண்ணுடைய கணவாயும் மெல்லுடலிகள் என ஒரே தொகுதியில் அடங்குகின்றன. நம் ஆகமம் வினவுவதோ, 'இவ்வுயிர் எத்தனைப் பொறிகளால் நுகர்கிறது?' என்பது. அவ்வகையில் சங்கும் சிப்பியும் மெய்யும் நாவும் உடைய ஈரறிவுயிர்கள். தொல்காப்பிய மரபியலும் உயிர்களை அறிவின் அளவாலேயே வகுக்கிறது. வினாக்கள் வேறாதலின் விடைகள் முரணா. இதுவே அநேகாந்த நோக்கு.

ஆயின், 'ஈரறிவுதானே' என்று எளிதாக எண்ணலாமா? இல்லறத்தார்க்குரிய அணுவிரதம், ஈரறிவு முதலாய இயங்குயிர்களை மனமறிந்து கொல்லாமையை விதிக்கிறது. எனவே சிப்பி நம் விரத எல்லையின் வாயிலிலேயே நிற்கிறது.

அக்காலத்தில் சிப்பிகளைக் கரையில் குவித்து, அழுகவிட்டுக் கழுவியே முத்தெடுத்தனர். மன்னார் வளைகுடாவின் பெருங்குளிப்பு 1961உடன் நின்றது. 1973இல் தூத்துக்குடியில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் வளர்ப்பு முத்தை உருவாக்கினர். அதற்கும் சிப்பியின் உடலைக் கீறியே கரு வைக்கப்படுகிறது.

மணவீட்டில் முத்துமாலை பூணும் நாம், அதன் விலையைக் கேட்கிறோம். அதனை ஈன்ற உயிரைக் கேட்பதில்லை. உயிர்களை வகுத்தறிவது, எதனைக் கொல்லலாம் எனத் தேர்வதற்கன்று. எதனிடத்தும் இரக்கம் தவறாதிருத்தற்கே. அறிந்தபின்னும் இரங்காத அறிவு நல்ஞானம் ஆகாது.