அங்க இல்ல

அரியலூர்க்காரனுக்குக் கடல் என்றால் சுண்ணாம்புக்கல். கிரெட்டேசியக் காலத்துக் கடலடித் தரை அது. அம்மோனைட் என்ற பெயர் தெரியும் முன்பே அதைப் பொறுக்கி விளையாடியிருக்கிறோம். சிமெண்டுக்காகக் கல்லை வெட்டி எடுத்த குழிகளில் இப்போது மழைத்தண்ணீர் நிற்கிறது. பெரம்பலூரில் பொறியியல் கடைசி வருஷம் படித்தபோது, எங்கள் நீரடி வண்டியை அப்படியொரு குழியில்தான் ஓட்டிப் பார்ப்போம்.

பிவிசி குழாய், நாலு மோட்டார், ஒரு கேமரா. கயிறோ வயரோ கிடையாது, தானே போய்த் தானே வரும். ஜிபிஎஸ் சிக்னல் தண்ணீருக்குள் இறங்காது என்பதால், கரண்ட் போன வீட்டில் நாம் நடப்பதுபோல அதுவும் கணக்குப் போட்டுத்தான் போகும்: இந்தத் திசை, இவ்வளவு வேகம், இவ்வளவு நேரம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பக்கத்துக் குழியில் குளிக்க வந்த பையன் மூழ்கிவிட்டான். தீயணைப்புத் துறையினர் பாதாளக் கரண்டி போட்டுத் தேடிக்கொண்டிருந்தார்கள். யாரோ எங்களுக்கும் சொல்லி அனுப்பினார்கள். இருட்டும்வரை கிழக்குப் பக்கம் முழுக்க வண்டியை ஓட்டினோம். லேப்டாப்பில் அது போன பாதை கோடு போட்ட நோட்டு மாதிரி வரிசையாக விழுந்தது. வீடியோவில் கல்லும் சேறும்தான்.

"தம்பி, அந்தப் பக்கம் பாத்துட்டீங்களா?" பையனின் அம்மா கேட்டார்.

"பாத்தாச்சும்மா. அங்க இல்ல."

மறுநாள் காலை மேற்கிலிருந்து தேடினார்கள். மதியம் கிழக்குப் பக்கத்தில்தான் கிடைத்தான்.

அப்புறம் உட்கார்ந்து பார்த்தபோது புரிந்தது. மோட்டார் காந்தம் திசைகாட்டியை இழுத்திருக்கிறது. ஒரே பட்டையில் திரும்பத் திரும்பப் போய்விட்டு, திரையில் புதுப்புதுக் கோடு வரைந்திருக்கிறது. செல்போனில் இருக்கும் வகை முடுக்கமானியை மட்டும் நம்பினால் கதை இன்னும் மோசம். புவியீர்ப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு பிழை மாறாமல் இருந்தால் போதும், ஒரே நிமிஷத்தில் கிட்டத்தட்ட 18 மீட்டர் தள்ளிப்போகும். ஆழம் மட்டும் அழுத்தமானியில் மலிவாக, சரியாகக் கிடைக்கும். எவ்வளவு கீழே என்று தெரியும், எங்கே என்று தெரியாது.

நான் பொய் சொன்னேனா? கேமரா பார்த்த இடத்தில் அவன் இல்லை, அது உண்மை. 'இருக்கு' என்பதற்குச் சாட்சி தேவையில்லை, படமே போதும். 'இல்லை' என்று சொல்லத்தான் எந்த இடம் என்று தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாமலே ஒரு தாயிடம் அந்த வார்த்தையைச் சொன்னேன்.

2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குப் புறப்பட்ட விமானப்படையின் ஏஎன்-32, 29 பேரோடு காணாமல் போனது. அதன் சிதைவுகளை 3,400 மீட்டர் ஆழத்தில் சென்னை தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் தானியங்கி வண்டி படம் எடுத்ததாக 2024 ஜனவரியில் அறிவிப்பு வந்தது. படித்ததும் சந்தோஷமும் பொறாமையும் சேர்ந்தே வந்தன. தரையில் ஒலி அனுப்பி வேகம் அளக்கும் டாப்ளர் கருவி ஒன்றே லட்சங்களில் விலை. குழியில் மூழ்கியவனுக்காக யார் வாங்குவார்கள்?

ஆனால் காசு முழுச் சாக்கு இல்லை. இப்போது ஜூனியர் பசங்க காலி கேன் ஒன்றில் ஜிபிஎஸ்ஸைக் கட்டி மிதக்கவிட்டு, வண்டியோடு கயிற்றால் இணைக்கிறார்கள். கயிறு தொய்யும். அதனால் திரையில் கோட்டுக்குப் பதில் வட்டம் வரைகிறார்கள், இதற்குள் எங்கேயோ என்று. சந்தேகம் கூடக்கூட வட்டமும் பெருக்கும். "இதக் காட்டினா யாருண்ணே நம்புவா?" என்று ஒருவன் கேட்டான்.

பதினாறாம் நாளுக்கு அந்த வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். நான் போகவில்லை. மேற்கில் ஏன் முதலில் தேடினார்கள் என்று அந்த அம்மாவுக்குத் தெரியும். கோடு தப்பென்று இன்னும் தெரியாது.