தப்பி வந்தவரைப் பேசச் சொல்லலாமா?

2013 ஜூலை 9. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஒரு பெரிய அரங்கு நிரம்பி வழிகிறது. துணை அதிபரே வந்திருக்கிறார். 21 வயது இளைஞர் ஒருவர் மேடையேறி, காட்டுத்தீ வீரர்களின் பிரார்த்தனையை வாசிக்கிறார். ஒன்பது நாள் முன்பு, ஜூன் 30 அன்று, யார்னெல் குன்றில் எரிந்த காட்டுத்தீயில் காற்று திடீரெனத் திசைமாறியது. பிரெஸ்காட் நகராட்சியின் கிரானைட் மவுண்டன் ஹாட்ஷாட்ஸ் குழுவில் 19 பேர் அந்தத் தீயில் இறந்தார்கள். தீயின் போக்கைக் கவனிக்க வேறோர் இடத்தில் நிறுத்தப்பட்டிருந்ததால், களத்துக்குப் போன 20 பேரில் இவர் மட்டும் பிழைத்தார்.

அவர் மனமுவந்தே வாசித்திருக்கலாம். ஆனால் ஒன்பதாம் நாளில் ‘முடியாது’ என்று சொல்லும் தெம்பு யாருக்கு இருக்கும்?

இப்படித் தப்பி வருபவர்களின் பேச்சுக்காகப் பலர் காத்திருக்கிறார்கள். ஆறுதல் தர வரும் ஆலோசகருக்கு அது தேவை, விசாரணை அதிகாரிக்கும் தேவை. பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோருக்கோ அதைவிட வேறெதுவும் தேவையில்லை. ஒவ்வொருவர் பக்கமும் ஒரு நியாயம் இருப்பதால்தான் இது அறச் சிக்கலாகிறது.

ஆலோசகரிடமிருந்து தொடங்கலாம். துயரத்தை உள்ளே வைத்துப் புழுங்காமல் கொட்டிவிட வேண்டும் என்பது பலரின் நம்பிக்கை. அதற்கு ஒரு முறைமை வகுத்து 1983-இல் கட்டுரை எழுதினார் ஜெஃப்ரி மிட்செல். சம்பவம் நடந்த சில நாட்களுக்குள் குழுவை வட்டமாக உட்கார வைத்து, பார்த்ததையும் நினைத்ததையும் பட்டதையும் ஒவ்வொருவராகச் சொல்லச் செய்வது அந்த முறை. தீயணைப்பு, காவல் துறைகளில் அது வேகமாகப் பரவியது. பல இடங்களில் கட்டாயமாகவும் ஆனது.

பிறகு தீக்காய நோயாளிகளிடையே ஒரு பரிசோதனை நடந்தது. முடிவுகள் 1997-இல் வெளிவந்தன. தனியாக உட்கார வைத்து நடந்ததைப் பேசச் செய்த நோயாளிகளில், 13 மாதம் கழித்து 26 சதவீதத்தினருக்கு மன அதிர்ச்சி நோய் இருந்தது. பேசச் செய்யாதவர்களில் அது 9 சதவீதம்தான். பேசிய குழுவினரின் காயங்கள் தொடக்கத்திலேயே கடுமையானவை என்பதையும், அவர்கள் தீயணைப்பு வீரர்கள் அல்லர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எனினும் இதுபோன்ற ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும், ஒரே அமர்வில் பேசவைப்பது நோயைத் தடுக்கும் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. நல்லது செய்யும் என்று உறுதியாகத் தெரியாத மருந்தை உத்தரவு போட்டுக் குடிக்க வைக்க எந்த அதிகாரிக்கும் உரிமையில்லை. பக்கத்தில் ஆள் இருக்கட்டும். பேச வேண்டுமா என்பதைப் பிழைத்தவர் முடிவு செய்யட்டும்.

விசாரணையில் இந்தத் தாராளம் செல்லாது. 2001-இல் வாஷிங்டன் மாநிலத்தின் தர்ட்டிமைல் தீயில் நான்கு பேர் இறந்தார்கள். இறந்தவர்களின் குடும்பங்கள் காரணம் கேட்டதில் என்ன தவறு? ஆனால் 2006-இல் இறந்த வீரர்களின் குழுத் தலைவர் மீது உயிரிழப்பை ஏற்படுத்திய குற்றமே சுமத்தப்பட்டது. 2008-இல் பொய்த் தகவல் சொன்னதாக ஒப்புக்கொண்டதோடு வழக்கு முடிந்தது. வழக்கு முடிந்தாலும் பயம் போகவில்லை. வக்கீலைக் கேட்காமல் வாய் திறக்காதே என்ற பேச்சு களத்தில் பரவியது. பலர் சொந்தக் காசில் பொறுப்புக் காப்பீடு எடுத்தார்கள். ஒருவரைத் தண்டிக்கக் கிளம்பியதில், அடுத்த குழுவைக் காப்பாற்றக்கூடிய தகவல் உள்ளேயே தங்கிவிடும் நிலை வந்தது.

யார்னெல் தீ பற்றியும் இரண்டு அறிக்கைகள் வந்தன. அலட்சியத்துக்கு அறிகுறியில்லை என்றது ஒன்று. மாநிலத்தின் தொழிலாளர் பாதுகாப்புத் துறையோ வனத்துறைக்கு 5,59,000 டாலர் அபராதம் விதித்தது. பாடம் தேடுபவரும் பொறுப்பாளியைத் தேடுபவரும் கேட்கும் கேள்விகள் வேறு. ஆகவே எந்தப் பேச்சு எங்கே போகும், எது நீதிமன்றம் ஏறும் என்பதைத் தீப்பருவம் தொடங்குமுன்பே வீரர்களிடம் சொல்லிவிட வேண்டும். மரணத்தைக் கண்டு திரும்பியவரிடம் அன்று மாலை விதிகளை வாசித்துக் காட்டுவது கொடுமை.

வேறு விஷயங்களில் இந்த முன்யோசனை இருக்கத்தான் செய்கிறது. அலுமினியத் தாள் போர்த்திய சிறு கூடாரம் ஒன்றை ஒவ்வொரு வீரரும் இடுப்பில் சுமக்கிறார். அதை உதறி விரித்து, உள்ளே குப்புறப் படுத்து, முகத்தை மண்ணில் புதைத்து, ஓரங்களைக் கைகாலால் அழுத்திப் பிடிப்பதை ஆண்டுதோறும் பழகுகிறார்கள். வெப்பக் கதிரை அது திருப்பியனுப்பும், நேரடித் தழலை அதிக நேரம் தாங்காது என்பதும் எல்லோருக்கும் தெரியும். உடல் இத்தனை பழகியிருக்கும்போது, உயிரோடு எழுந்து வந்தபின் என்ன நடக்கும் என்பது மட்டும் ஏன் யாரும் சொல்லித்தராத பாடமாக இருக்க வேண்டும்?

கொலராடோவின் ஸ்டார்ம் கிங் மலையில் 1994-இல் 14 பேர் இறந்த சரிவுக்கு இன்றும் குழுக்கள் ஏறிச் செல்கின்றன. ஒவ்வொருவர் விழுந்த இடத்திலும் நினைவுச்சின்னம் உண்டு. அங்கே நின்று, ‘இந்த நிமிடத்தில் நீ என்றால் என்ன செய்திருப்பாய்?’ என்று கேட்டுக்கொள்கிறார்கள். அன்று தப்பியவர்களில் விருப்பமுள்ள சிலரும் வந்து பேசியிருக்கிறார்கள். ஆண்டுகள் கடந்தபின், தாமே தேர்ந்த நேரத்தில் சொன்ன அந்தச் சொற்களுக்கு, சில நாட்களிலேயே வற்புறுத்தி வாங்கிய வாக்குமூலத்தைவிட மதிப்பு அதிகம்.

காசு விஷயம் ஒன்று மிச்சமிருக்கிறது. யார்னெலில் இறந்த 19 பேரில் ஆறு பேர்தான் நிரந்தர ஊழியர்கள். மற்றவர்கள் பருவகாலப் பணியாளர்கள் என்பதால் குடும்பங்களுக்கு ஒரே மாதிரியான சலுகை கிடைக்காமல் தகராறு எழுந்தது. ஒரே பள்ளத்தில் ஒரே தீயில் இறந்தவர்கள்! பிழைத்துவரும் பருவகாலப் பணியாளருக்கும் இதே பிரச்சினைதான். கெட்ட கனவுகள் நவம்பரில் தொடங்கினால் அப்போது அவருக்கு வேலையே இருக்காது. 2021-இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய உள்கட்டமைப்புச் சட்டம், நிரந்தரம், தற்காலிகம், பருவகாலம் என்று பிரிக்காமல் எல்லாக் காட்டுத்தீ வீரர்களுக்கும் மனநலத் திட்டம் ஏற்படுத்தும்படி மத்தியத் துறைகளுக்கு உத்தரவிட்டது. அதுவரை அவர்களில் பெரும்பாலோருக்கு அரசுப் பதிவேட்டில் தீயணைப்பாளர் என்ற பெயர்கூடக் கிடையாது. ‘வனத் தொழில்நுட்பர்’ என்றே எழுதி வைத்திருந்தார்கள்.