ஆசானின் ஆடி மாதம்



திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்குப் போகும் சாலை, கல்லாற்றைத் தாண்டியதும் 22 கொண்டை ஊசி வளைவுகளாக மேலேறுகிறது. மேலே போனால் உயரம் சுமார் 1,100 மீட்டர். அதே மலைத்தொடரில், அதையும் விஞ்சி 1,868 மீட்டர் உயரத்தில் நிற்கிறது அகத்தியர்கூடம். இந்த மலைகளின் அடிவாரத்தில், திருவனந்தபுரம், கன்னியாகுமரிப் பக்கங்களில் தெக்கன் களரி, அடிமுறை என்னும் போர்க்கலைகளைப் பயிற்றுவிக்கும் ஆசான்கள், தங்கள் கலையின் முதல் குரு அகத்தியர்தான் என்பார்கள். திரைப்படத்தில் ஜப்பானியச் சாமுராய் வீரனின் வாள்வீச்சை வாய்பிளந்து பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு, நம் களரி வீரர்கள் தங்கள் உடம்பை எப்படிப் பேணினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

களரி என்னும் பயிற்சிக்கூடம் காலையில் விழிக்கிற இடம். வலது காலை முன்வைத்து நுழைந்து, மண்ணைத் தொட்டு வணங்கி, கச்சை கட்டி, உடம்பெங்கும் எண்ணெய் பூசிக்கொண்டபின்தான் பயிற்சி. திருவனந்தபுரம் கிழக்குக்கோட்டையில் 1956-இல் தொடங்கிய சி.வி.என். களரியில் இன்றும் இதைப் பார்க்கலாம். அங்கே நடப்பது வடக்கன் முறை. யானை, சிங்கம், குதிரை, பன்றி, பாம்பு, மயில், சேவல், பூனை என்று எட்டு வடிவுகள். முதலில் உடம்பைப் பழக்குவார்கள், பிறகு கம்பு, அதற்கும் பிறகுதான் வாளும் கேடயமும். அவசரப்படுகிறவனுக்கு அங்கே வேலையில்லை.

தெக்கன் முறையில் என்னை மிகவும் கவர்வது வர்மம். உடம்பின் உயிர்நிலைகள் 108 என்று ஆசான்கள் கணக்கிடுகிறார்கள். படுவர்மம் 12, தொடுவர்மம் 96. அடித்துச் சாய்க்கத் தெரிந்தவர், சாய்ந்தவரை இளக்கி எழுப்பவும் தெரிந்திருக்க வேண்டும். இளக்குமுறை தெரியாதவருக்கு அடிமுறை முழுதாக வந்ததாக யாரும் ஒப்புவதில்லை. அதனால்தான் குமரி மாவட்டத்துக் கிராமங்களில் சுளுக்குக்கும் எலும்பு முறிவுக்கும் ஆசானைத் தேடிப்போகும் வழக்கம் இருந்துவருகிறது. அவர்களுடைய வர்ம நூல்கள் பலவும் தமிழ்ப் பாட்டுகளாக ஏட்டில் எழுதப்பட்டவை. நமக்கு இது எத்தனை பெரிய சொத்து!

சாமுராய் மரபிலும் உடம்பைப் பேணும் இந்த அக்கறை உண்டு. அந்தக் குலத்தில் பிறந்த கைபாரா எக்கென் என்ற அறிஞர், எண்பது வயதைக் கடந்த பிறகு, 1713-இல், 'யோஜோகுன்' என்ற உடல்நல நூலை எழுதினார். வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள், பசி கொஞ்சம் மிச்சமிருக்கும்போதே எழுந்துவிடுங்கள் என்பது அவர் வற்புறுத்திய பழக்கம்.

நம் களரியில் இதற்கு ஈடாக நான் நினைப்பது மலையாளக் கர்க்கடக மாதத்தை. நமக்கு அது ஆடி. மழை கொட்டும் அந்த நாட்களில் களரிகளில் உழிச்சில் நடக்கும். மேலே கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஆசான் தன் காலாலேயே சீடனின் உடம்பில் எண்ணெயை அழுத்தித் தேய்ப்பார். ஞவரை அரிசியும் வெந்தயமும் சீரகமும் மூலிகைகளும் சேர்த்த கஞ்சிதான் ஆகாரம். கடுமையான உழைப்பும் கண்ட தீனியும் அந்த நாட்களில் கூடாது. ஆண்டு முழுக்க உடம்பை வருத்தியவன், ஆண்டுக்கு ஒருமுறை அதைப் பழுதுபார்க்கிறான். போர் ஓய்ந்து நூற்றாண்டுகள் ஆனபின்னும் இந்தக் கலை உயிரோடிருக்கக் காரணம் இந்தப் பராமரிப்புதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். வாள் யாருக்கும் வேண்டியிராமல் போனது. எண்ணெய் எல்லோருக்கும் வேண்டியிருந்தது.

நேயர்களே, வலி வந்தபின் மருந்து தேடுவதையே பழக்கமாக்கிவிட்டோம். வரும் ஆடியில் ஒரு வாரமாவது உங்கள் உடம்புக்கென்று ஒதுக்குங்கள். முறையாகக் கற்ற ஆசானிடமோ மருத்துவரிடமோ கேட்டு எண்ணெய் தேய்த்துக்கொள்ளுங்கள். இரவுச் சாப்பாட்டைக் கஞ்சியாக்குங்கள். வீட்டுப் பிள்ளைகளை விடுமுறையில் ஒரு களரிக்கு அழைத்துப் போங்கள்.