பிடரியில் ஓர் எண்

ஒன்றின்மேல் இடப்படும் குறி அதனை ஒருவருக்கு உரியதாக ஆக்குகிறதா, அல்லது முன்பே உள்ள உறவைக் காட்டுவதோடு நின்றுவிடுகிறதா என்பது இந்தியத் தருக்க நூலாரும் வைணவ ஆசாரியர்களும் வெவ்வேறு வழிகளில் அணுகிய பழைய கேள்வி. சென்னையிலிருந்து இங்கிலாந்துக்குக் குடிபெயரும் ஒரு குடும்பம் தன் வளர்ப்புப் பூனையையும் உடன் கொண்டுசெல்ல முற்படும்போது, அதே கேள்வி அரிசிமணி அளவுள்ள ஒரு கண்ணாடிக் குப்பிக்குள் அடங்கி எதிரே வந்து நிற்கிறது.

மைக்ரோசிப் எனப்படும் அக்குப்பி ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் நீளமுடையது. அதில் மின்கலம் இல்லை, 134.2 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் படிப்புக்கருவியை அருகே கொண்டுசென்றால், அக்கருவி தரும் ஆற்றலையே பெற்றுக்கொண்டு தன்னுள் பொறிக்கப்பட்ட 15 இலக்க எண்ணைத் திருப்பிச் சொல்லும். முதல் மூன்று இலக்கங்கள் ஒரு நாட்டையோ சிப்பைச் செய்த நிறுவனத்தையோ குறிக்கும் என்பதைத் தவிர அந்த எண்ணுக்குப் பொருள் ஏதுமில்லை. பூனையின் பெயரையோ நிறத்தையோ அது அறியாது, பூனை எங்கே திரிகிறது என்பதையும் காட்டாது. வேறுபடுத்துவதன்றி வேறு உள்ளடக்கமே இல்லாத இத்தகைய ஒன்றைக் கணாதர் வழிவந்த வைசேடிகர் ‘விசேடம்’ என்று அழைத்து, தம் தரிசனத்தின் பெயரையே அதிலிருந்து பெற்றனர். எல்லா வகையிலும் ஒத்திருக்கும் இரண்டு அணுக்களை இரண்டாகவே நிறுத்திவைப்பது விசேடம் என்பது அவர்கள் கொள்கை. உறுப்புகளால் ஆன பூனைக்கு அது தேவையில்லை, உறுப்பு வேறுபாடே போதும் என்று அவர்கள் சொல்லியிருப்பர். ஆனால் ஒரே மாதிரிச் சாம்பல் வரியுள்ள இரு பூனைகளை எதிரே வைத்துக்கொண்டிருக்கும் எல்லை அதிகாரிக்கு அந்த விடை பயன்படாது. இயற்கை தராத விசேடத்தை அவர் ஊசியால் ஏற்றச் சொல்கிறார்.

எல்லை விதிகளில் மெய்யியல் நோக்கில் மிகச் செறிவானது செயல்களின் வரிசை பற்றிய விதி. வெறிநோய்த் தடுப்பூசி போடப்படுவதற்கு முன்னரோ, குறைந்தது அதே வேளையிலோ, சிப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். தடுப்பூசிக்குப் பிறகே சிப் பொருத்தப்பட்டிருந்தால் அந்த ஊசி கணக்கில் சேராது, மீண்டும் போடவேண்டும். இந்தியாவிலிருந்து செல்லும் பூனைக்குத் தடுப்பூசி போட்டு 30 நாட்களேனும் கழிந்தபின் இரத்தம் எடுத்து, அதில் வெறிநோய் எதிர்ப்பொருள் மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகாவது இருப்பதை உறுதிசெய்து, இரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்கவும் வேண்டும். இத்தனை மாதங்களுக்குப் பின் ஹீத்ரோவில் இறங்கும் உடல்தான் அன்று ஊசி ஏற்ற உடல் என்பதற்கு எண்ணைத் தவிரச் சான்றில்லை. கணந்தோறும் யாவும் அழிந்து புதிதாகத் தோன்றுகின்றன என்ற பௌத்தரை நோக்கி ஏனைய சமயத்தார் எழுப்பிய தடை இங்கே நினைக்கத்தக்கது: செய்தவன் நிலைக்காவிடில் செய்த வினை பயன் தராமல் அழியும், செய்யாதவனிடம் பயன் வந்து சேரும். கிருதநாசம், அகிருதாப்யாகமம் எனப்படும் இவ்விரு குற்றங்களையும் சுகாதாரச் சட்டமும் அஞ்சுகிறது; வினையை ஏற்றவன் இன்னான் என்று முதலில் நிறுத்தாமல் வினையைப் பதிவேட்டில் ஏற்ற அது மறுக்கிறது. எனினும் ஆன்மா உண்டா என்ற வழக்குக்குள் அது நுழையவில்லை. ஓர் ஆன்மாவின் வேலையைப் பதினைந்து இலக்கங்களிடம் ஒப்படைத்துவிட்டு அப்பால் நகர்கிறது.

வந்துசேர்ந்தபின் எழும் கேள்வி வேறு: இந்தப் பூனை யாருடையது? தேவதத்தன் வீடு எது என்று கேட்பவனுக்கு, காக்கை அமர்ந்திருக்கும் வீடு என்று விடை சொல்வதைத் தருக்க நூலார் எடுத்துக்காட்டுவர். காக்கை வீட்டின் பண்பன்று. பறந்துபோனாலும் வீடு வீடாகவே நிற்கும். காட்டவேண்டியதைக் காட்டியதோடு அதன் பணி முடிந்தது. இவ்வாறு பொருளோடு ஒட்டாமல் நின்று பொருளைக் காட்டும் குறிக்கு உபலட்சணம் என்று பெயர். நீல மலரின் நீலம்போல் பொருளோடு ஒன்றியிருப்பது விசேடணம். சிப் தோலுக்கடியில் இருந்தாலும் அது காக்கையின் இனத்தைச் சேர்ந்ததே. அதுவும் பாதி வேலை செய்யும் காக்கை: இந்தியாவில் பொருத்தப்பட்ட எண் இங்கிலாந்தின் தரவுத்தளம் ஒன்றில் பேணுபவரின் பெயரோடும் முகவரியோடும் பதிவாகும்வரை, அது எந்த வீட்டையும் காட்டாது. 2024 ஜூன் 10 முதல் இங்கிலாந்தில் 20 வார வயது நிறைவதற்குள் ஒவ்வொரு வளர்ப்புப் பூனைக்கும் சிப்பும் பதிவும் கட்டாயம். சிப் இல்லையெனக் கண்டறியப்பட்டால் 21 நாள் அவகாசம் உண்டு. அதையும் தவறவிட்டவருக்கு 500 பவுண்டு வரை அபராதம் விதிக்கப்படலாம். மனிதரோடு உறவின்றித் தானாகத் திரியும் பூனைகளுக்கு இச்சட்டம் பொருந்தாது. உறவு முன்னது, குறி பின்னது என்பதை அந்த விலக்கே ஒப்புக்கொள்கிறது. மேலும், பதிவேட்டில் பெயருள்ளவர் பூனையை வைத்துப் பேணுபவரே தவிர, அப்பதிவு ஒன்றாலேயே அவர் அதன் உடைமையாளர் ஆகிவிடுவதில்லை. சிங்கப்பூரில் நிலைமை சற்று வேறு. அங்கே வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் நெடுங்காலம் பூனைக்குத் தடை இருந்து, 2024 செப்டம்பர் 1 முதல் வீட்டுக்கு இரண்டு பூனைகள்வரை சிப்போடும் உரிமத்தோடும் வளர்க்க இசைவு தரப்பட்டதால், அங்கே பதிவு என்பது அனுமதியுமாகிறது.

உரிமையையும் குறியையும் பற்றித் தமிழ் நாட்டில் மிக ஆழமாகச் சிந்தித்தவர்கள் ஸ்ரீவைணவ ஆசாரியர்கள். பஞ்ச சமஸ்காரத்தின் முதற்கூறான தாபத்தில் அடியவரின் வலத்தோளில் சக்கரமும் இடத்தோளில் சங்கும் காய்ச்சி ஒற்றப்படுகின்றன. திருவிலச்சினை எனப்படும் அதனோடு தாச நாமமும் தரப்படுகிறது. குறியும் பெயர்ப்பதிவும் சேர்ந்தே நடக்கும் சடங்கு அது. எனினும் அன்றுதான் உயிர் இறைவனுக்கு உடைமையாயிற்று என்று ஆசாரியர்கள் கொள்வதில்லை. சேஷத்துவம், அதாவது பிறருக்கென்றே இருக்கும் தன்மை, உயிரின் இயல்பு. பொறி அதை ஏற்றுக்கொண்டதன் அடையாளம். குறி பின்னது என்பதில் ஆசாரியரும் ஆங்கிலச் சட்டமும் ஒரே பக்கம் நிற்கின்றனர்.

உயிரைக் காக்கும் பொறுப்பு யாருடையது என்ற வினாவுக்கு, ஸ்ரீவைணவத்தின் இரு பிரிவினருள் வடகலையார் தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டியையும், தென்கலையார் தாயால் பிடரியில் கவ்விச் செல்லப்படும் பூனைக் குட்டியையும் உவமையாகக் கொண்டதாக வழங்கிவருகிறது. பின்னதற்கு மார்ஜார நியாயம் என்று பெயர். இங்கிலாந்தில் சிப் பொருத்தப்படும் இடம் இரு தோள்பட்டைகளுக்கு நடுவே, தாய்ப்பூனை கவ்வும் தளர்ந்த தோலை ஒட்டியே அமைகிறது. அந்தத் தோல் நெகிழ்வானது என்பதே காரணம். உவமையை எண்ணி எவரும் அவ்விடத்தைத் தேர்ந்ததில்லை, ஐரோப்பியப் பெருநிலத்தில் கழுத்தின் இடப்புறத்தில் பொருத்தும் வழக்கமும் உண்டு. ஆயினும் பொருத்தம் வெறும் இடத்தளவில் முடிவதன்று. பூனைக்குட்டி செய்யவேண்டியது ஒன்றுமில்லை, முழுச் சுமையும் தூக்கிச் செல்பவளுடையது என்பதே அந்நியாயத்தின் சாரம். உயிரிடம் வேண்டப்படுவதெல்லாம் விலக்காமை என்பர் தென்கலையார். மருத்துவரின் மேசைமேல் நகத்தை விரிக்கும் பூனையிடம் அதுகூட இல்லை என்பது உவமையின் எல்லை. தூக்கிச் செல்பவர் இறைவனல்லர், வாடகை வீட்டில் குடியிருந்து அடிக்கடி முகவரி மாறும் மனிதர் என்பது இன்னொன்று.

ஆகவே, சிப்பைப் பூனைக்கு இட்ட விலங்காகக் கண்டு வருந்துவதும் அதை உரிமைப் பத்திரமாகக் கருதி மகிழ்வதும் பிழையே. பூனையின் தோலுக்குள் கிடப்பது மனிதரின் கடமைக்கு இடப்பட்ட குறி. வீடு மாறும்போது அந்த எண் மாறுவதில்லை. தரவுத்தளத்தில் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் மாற்றவேண்டியவர் பேணுபவரே, தவறினால் அபராதம் வருவதும் அவர் பெயருக்கே.