பெயர் எழுதுவது பாவமா?

நமக்குத் தெரிந்த ஒரு வீட்டில், ஏழாம் வகுப்பில் படிக்கும் பையன் ஒருவன் இரவுச் சோறு வேண்டாமென்று படுத்துவிட்டான். உம்மா அருகில் அமர்ந்து தலையைத் தடவிய பிறகே வாய் திறந்தான்: "உம்மா, போர்டுல ஒருத்தன் பேரை எழுதுறது கோள் சொல்றதாகுமா?"

விஷயம் இதுதான். வகுப்புக்கு அவன் லீடர். ஆசிரியர் வெளியே செல்லும்போதெல்லாம், "பேசுகிறவன் பெயரை எழுதி வை" என்று சொல்லிச் செல்வார். அன்று நால்வர் பேசினார்கள். மூவர் பெயர்தான் பலகையில் ஏறியது. நான்காமவன் அடுத்த வீட்டுப் பையன், சுபுஹுக்குப் பின் இவனோடு ஒரே பாயில் அமர்ந்து ஓதுகிறவன். மூவரும் உச்சி வெயிலில் அரைமணி நேரம் நிறுத்தப்பட்டார்கள். இவன் சன்னல் வழியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

உம்மா சொன்னார்கள்: "பிறர் குறையை மறைக்கத்தான் நமக்கு உத்தரவு. இனி எவன் பேரையும் எழுதாதே." வாப்பா சொன்னார்: "ஆசிரியர் ஒப்படைத்த வேலை அமானத். நாலு பேரையும் எழுதியிருக்க வேண்டும்." பையனுக்கு முன்னிலும் குழப்பம் கூடியது. இருவர் சொல்லுக்கும் மார்க்கத்தில் ஆதாரம் இருக்கிறதே!

துருவித் துருவிக் குற்றம் தேடுவதையும் புறம் பேசுவதையும் சூரா ஹுஜுராத்தின் 12ஆம் வசனம் தடுக்கிறது. ஒரு முஸ்லிமின் குறையை மறைப்பவனின் குறையை மறுமையில் அல்லாஹ் மறைப்பான் என்ற கருத்தில் நபிமொழி உண்டு. அதே நேரத்தில் சாட்சியத்தை மறைக்கக் கூடாது என்பதும் திருமறையின் கட்டளை. சூரா நிஸாவின் 135ஆம் வசனமோ, நமக்கும் நம் பெற்றோருக்கும் உறவினருக்கும் எதிராயினும் நீதிக்குச் சாட்சியாக நிற்கச் சொல்கிறது. மறைக்க வேண்டியது எது, சொல்ல வேண்டியது எது? பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் ஒரு சாக்கட்டியைக் கொடுத்து, பெரிய காளிகள் யோசித்துத் தீர்க்க வேண்டிய இந்த வழக்கையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறோம்.

முதலில் வகுப்பின் சட்டத்தைப் பார்ப்போம். "பேசாதே" என்பது ஆசிரியரின் கௌரவத்துக்காக ஏற்பட்ட சட்டமன்று. நாற்பது பேர் இருக்கும் அறையில் இருவர் பேசினால், கணக்குப் போடும் மூன்றாமவனின் உரிமை பறிபோகிறது. அது அடியார்களின் ஹக்கு. இதைச் சொல்லிப் புரிய வைத்தால், ஆறாம் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு நன்றாகவே விளங்கும். 'பேசினால் வெயில்' என்று மட்டும் சொன்னால், ஆசிரியரின் செருப்புச் சத்தம் கேட்கும்வரை பேசலாம் என்பதைத்தான் அவன் கற்பான். பெரியவர்களாகிய நாமும் போலீஸ்காரர் நிற்கும் முனையில் மட்டும் வண்டியை நிறுத்துகிறோம் அல்லவா!

ஆகவே, பிறருக்குத் தீங்கு நேரும் இடத்தில் வாய் திறந்தே ஆக வேண்டும். சின்னப் பையனை ஒருவன் அடிக்கிறான், சோற்றுப் பாத்திரத்தைப் பிடுங்குகிறான், காம்பஸ் முனையால் குத்துகிறான் என்றால், கண்டவன் ஆசிரியரிடம் சொல்வது கோளாகாது, சாட்சியமாகும். அநீதி செய்யும் சகோதரனுக்கும் உதவுங்கள், அவன் கையைத் தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கற்பித்ததும் இதற்கே. பென்சில் கேட்டு ஒருவன் கிசுகிசுத்தால் அது வேறு. "டேய், மெதுவா" என்று ஒரு வார்த்தை போதும். அதைச் சொல்லாமல், எப்போது வாய் அசையும் என்று சாக்கட்டியோடு காத்து நிற்பதுதான் துருவிப் பார்ப்பது.

இந்த லீடர் முறைக்கு ஒரு வரலாறு உண்டு. நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை இருந்தான். 1789இல் சென்னை எழும்பூரில் ராணுவத்தாரின் ஆண் அநாதைப் பிள்ளைகள் விடுதிக்குப் பொறுப்பேற்ற டாக்டர் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், மணலில் விரலால் எழுதிப் படிக்கும் நம்மூர்ப் பிள்ளைகளைக் கண்டு அதைத் தம் பள்ளியிலும் புகுத்தினார். மாணவனைக் கொண்டே மாணவனுக்குக் கற்பித்தார். 1797இல் அதை லண்டனில் நூலாக வெளியிட, அது 'மதராஸ் முறை' என்று பெயர் பெற்றுப் பல நாடுகளுக்குப் பரவியது. மாணவன் மாணவனுக்குப் பாடம் சொல்லித் தருவது நல்ல காரியம். மாணவன் மாணவனைக் கண்காணிப்பது அதன் கூடவே ஒட்டிக்கொண்டு வந்தது.

இதற்கு வெகு காலம் முன்பே, கைரவானில் வாழ்ந்து ஹிஜ்ரி 256இல் மறைந்த முஹம்மத் இப்னு ஸஹ்னூன் (ரஹ்) அவர்கள் ஆசிரியர்களின் ஒழுக்கம் பற்றித் தனி நூலே எழுதியிருக்கிறார்கள். பிள்ளைகளில் ஒருவனிடம் மற்றவர்களைத் தண்டிக்கும் பொறுப்பை விடக்கூடாது, ஓதி முடித்துத் தேர்ந்த பிள்ளையைத் தவிர வேறொருவனைச் சட்டாம்பிள்ளையாக்கக் கூடாது என்பது அந்நூலின் கருத்து. அவர்கள் மாலிக்கி மத்ஹபினர். ஆனாலும் பிள்ளைகளின் மனம் எல்லா மத்ஹபிலும் ஒன்றுதானே! மாணவனின் தவறைப் பகிரங்கமாகச் சொல்லாமல் குறிப்பால் உணர்த்தித் திருத்த வேண்டும் என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் எழுதியதும் இங்கே நினைக்கத் தக்கது. கரும்பலகையில் பெயர் எழுதி, எதிரே பெருக்கல் குறியும் போடுவது இதற்கு நேர் எதிரானது.

நம் நாட்டில் 2009இல் இயற்றப்பட்ட கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, பிள்ளைகளை உடலால் தண்டிப்பதையும் மனத்தால் வதைப்பதையும் தடுக்கிறது. வெயிலில் நிறுத்துவது இதற்குள் அடங்காதா? ஆனால் 2012இல் வந்த திருத்தம் மதரஸாக்களை அச்சட்டத்தின் எல்லைக்கு வெளியே வைத்துவிட்டது. அப்படியானால் ஓதும் பள்ளியில் பிரம்புக்குத் தடையில்லை என்று பொருள் கொள்வோர் நம்மிலும் இருக்கிறார்கள். சட்டம் நம்மை விட்டுவிட்டால் கேள்வி கணக்கும் விட்டுவிடும் என்ற நினைப்பு போலும்!

சரி, நம் பையனுக்கு வருவோம். அவன் செய்த தவறு மூவர் பெயரை எழுதியதில் இல்லை, அது கீழ்ப்படிதல். கூட்டாளி என்பதற்காக நான்காவது பெயரை விட்டதில் இருக்கிறது. தராசை ஒரு பக்கம் அழுத்திவிட்டான். அவன் சோற்றை வேண்டாமென்று தள்ளியதும் அதனால்தான். மறுநாள் ஆசிரியரிடம் போய், "ஒரு பெயரை விட்டுவிட்டேன்" என்று சொல்லும்படி வாப்பா கூறினார். பையன் கேட்டான்: "அப்ப அவனும் வெயில்ல நிப்பானே வாப்பா?"

வாப்பாவிடம் உடனே பதில் இல்லை. நம்மிடம் கேட்டார். நாம் சொன்னது இது: தன் குற்றத்தை ஒப்புக்கொள்ள அடுத்தவன் பெயர் தேவையில்லை. 'நான் நடுநிலையாக எழுதவில்லை. இந்த வேலையை வேறு யாருக்காவது கொடுங்கள்' என்று சொன்னால் அது உண்மைதான். யார் என்று ஆசிரியர் கேட்டால் பொய் சொல்லக்கூடாது. கேட்காதவரை தானாகச் சொல்லவும் வேண்டாம். வெயிலில் நின்ற மூவரிடம் மன்னிப்புக் கேட்பது மட்டும் அவன் மேல் கடமை.

அப்படியே செய்தான். ஆசிரியர் சற்று நேரம் பேசாமல் இருந்தாராம், யாரென்று கேட்கவில்லை. மறுவாரம் சாக்கட்டி வேறொரு பையன் கைக்குப் போனது. முதல் நாளே நம் பையன் பெயர் பலகையில் ஏறியது. அன்றிரவு அவன் சோறு நன்றாகத் தின்றதாக அவன் உம்மா சொன்னார்கள்.