நினைவு காத்தலும் கைங்கர்யமே



உத்ஸவம் ஸேவிக்க வந்துள்ள அடியார்கள் அனைவரும் சிந்திக்கத் தக்க வரலாறு ஒன்று திருவரங்கத்தில் உண்டு. 1323-ஆம் ஆண்டு உலூக்கானின் படை வந்தபோது, பிள்ளை லோகாசார்யர் முதலானோர் உத்ஸவ மூர்த்தியான அழகிய மணவாளனைத் தெற்கே எழுந்தருளச் செய்தனர். பல தேசங்களைக் கடந்து, திருமலையிலும் தங்கியிருந்து, 1371-ஆம் ஆண்டு கோபணார்யரின் முயற்சியால் பெருமாள் திருவரங்கம் மீண்டார். இதனைக் கூறும் கல்வெட்டும் அத்திருக்கோயிலில் உண்டு.

இடையில் 48 ஆண்டுகள் கழிந்துவிட்டன. பழைய திருமேனியைக் கண்ணாரக் கண்டவர்கள் பெரும்பாலும் மறைந்துவிட்டனர். சந்நிதியில் வேறொரு மூர்த்தியும் எழுந்தருளியிருந்தபடியால், முன்னைய பெருமாள் எவர் என்ற ஐயம் எழுந்தது. அதனைத் தீர்த்தவர் பண்டிதரல்லர். பெருமாளின் திருப்பரியட்டங்களை வெளுத்து வந்த, பார்வையிழந்த முதியவரான ஈரங்கொல்லி ஒருவரே. இரு மூர்த்திகளுக்கும் திருமஞ்சனம் செய்வித்து, ஈரவாடைத் தீர்த்தத்தை உட்கொண்டு, தாம் அறிந்த பரிமளத்தால் இவரே நம்முடைய பெருமாள் என்று அவர் அறுதியிட்டாராம். நம்பெருமாள் என்னும் திருநாமம் அவர் வாக்கால் வந்தது என்பது கோயிலொழுகு கூறும் செய்தி. அக்கோயிலொழுகும் ஒருவர் எழுதியதன்று. தலைமுறைதோறும் எழுதிச் சேர்க்கப்பட்டது.

அம்முதியவர் ஓராண்டு முன்னரே பரமபதித்திருந்தால் அந்த ஐயத்தைத் தீர்ப்பார் யார்? இவ்வினாவை நம் ஊர்க் கோயில்களைக் குறித்தும் கேட்டுக்கொள்ள வேண்டாவோ?

ஸ்ரீபாதம்தாங்கிகள், மாலை கட்டுவோர், மடைப்பள்ளியார், நாகஸ்வர வித்வான்கள், தேருக்கு முட்டுக்கட்டை இடுவோர், கோலமிடும் தாய்மார் ஆகிய ஒவ்வொருவரிடமும் ஏட்டில் ஏறாத செய்திகள் உள்ளன. அவர்களை அணுகி வினவுங்கள். சொன்னவர் பெயரோடும் ஆண்டோடும் எழுதி வையுங்கள். பழைய உத்ஸவப் பத்திரிகைகள், புகைப்படங்கள், கணக்கேடுகள் ஆகியவற்றைப் பரணில் செல்லுக்கு இரையாக்காமல் படியெடுத்து, ஒரு படியைக் கோயிலிலும் ஒரு படியை ஊர் நூலகத்திலும் சேருங்கள். கல்வெட்டின் மீது சுண்ணாம்பு பூசாதீர்கள். பழைய சுவரைப் பிரிக்க நேர்ந்தபோது அதிலிருந்த எழுத்துகளைப் படியெடுத்து, புதிய சுவரில் மீண்டும் வெட்டிவைத்த நாடு இது.

இப்பணிக்குப் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை. கேட்கும் செவியும் எழுதும் கையும் போதும். மாலை கட்டுவது போல, திருவலகிடுவது போல, இதுவும் எம்பெருமான் திருவுள்ளம் உகக்கும் கைங்கர்யமே. இவ்வுத்ஸவம் முடிந்து இல்லம் திரும்பியதும், உங்கள் ஊரில் மூத்தவர் ஒருவரிடமிருந்து இதனைத் தொடங்குங்கள்.

நம்பெருமாள் திருவடிகளே சரணம்.